ஸ்டாக் இல்ல மக்கா, ஸ்டாக் இல்ல!

என்ன மக்கா, மோறை இப்படித் தொங்கிக் கிடக்கு? வீட்டுல யாருக்கும் தீனமா? வேலை போச்சா? நிச்சயம் பண்ணின பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டாளா? ஒண்ணுமில்லியா? பின்ன என்னலே எளவு?

ஓ... போன் கிடைக்கல்லியா. அதுவும் அந்தக் காவி நிறத்துப் போன்.

கொள்ளாம். இதைச் சொல்லவா இத்தனை இழுத்தே? நான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கணுமோன்னு எந்திரிச்சிட்டேன். இரு, இரு. சாயா ஒண்ணு குடி. பைய பேசலாம். பாட்டாவுக்கு வேற சோலி என்ன இருக்கு?

இந்தச் சீக்கு உனக்கு மட்டுமில்ல கேட்டியா. 2025 செப்டம்பர் மாசம் நம்ம கழக்கூட்டம் ஊரு முழுக்க இதுதான் பரவிக் கிடந்தது. டெக்னோபார்க் வாசல்ல, பைபாஸ் பாலத்துக்கு அடியில, தட்டுக்கடையில, எங்கன பாத்தாலும் கழுத்துல அட்டையைத் தொங்கவிட்ட பயக்க இதே பேச்சு. "உனக்கு எப்போலே?" "எனக்கு அக்டோபர்னு காட்டுகான்." "எனக்குத் தேதியே காட்டல்ல." எங்க காலத்துல இப்படித் தேதி கேட்டா வீட்டுல பிரசவம்னு அர்த்தம்.

பேப்பரைப் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவுல ஆப்பிள் கம்பெனிக்காரன் ஐபோன் 17-ஐ எடுத்துக் காட்டினான். 12-ம் தேதி முன்பதிவு. 19-ம் தேதி கடையில விற்பனை. சாதா 17-க்கு 82,900 ரூவா. ப்ரோவுக்கு 1,34,900. ப்ரோ மேக்ஸுக்கு 1,49,900. விலையைக் கேட்டா மனுசன் ஒரு அடி பின்னால வைக்கணுமா வேண்டாமா? இவன் முன்னால பாயுகான்! காவி நிற ப்ரோ மேக்ஸ் கொஞ்ச நாள்லயே இந்தியாவுல இல்லாமப் போச்சு. அந்த நிறத்துல ஒரு வேட்டியைக் கட்டிகிட்டு நான் கழக்கூட்டம் மகாதேவர் கோயில் நடையில இருந்தா, போறவன் ரெண்டு ரூவா போடுவான். அதே நிறத்துக்கு நீ ஒண்ணரை லட்சம் எண்ணி வைக்கே. யாரு சாமர்த்தியசாலி?

ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கப்பிடாது. கையில வச்சிருக்கியே ஒரு போனு, அதுக்கு என்ன கேடு? பேசினா கேக்குகா? கேக்குகு. படம் எடுக்குகா? எடுக்குகு. அம்மை கூப்பிட்டா நீ எடுக்காம விடுகியே, அந்தச் சேவையும் ஒழுங்கா நடக்குகு. பின்ன? புதுசுல கேமரா மகா விசேஷமாம். நீ படம் பிடிக்கது பொறோட்டாவையும் பீஃபையும்தானே. அது வெந்திருக்கான்னு நாக்கு சொல்லும். கேமரா சொல்லுமா?

இங்கேர்ந்து கூப்பிடு தூரத்துல கிடக்கு தும்பா. 1963 நவம்பர் 21-ம் தேதி சாயங்காலம் இந்தியாவுலேர்ந்து முதல் ராக்கெட் மேல போனது அங்கேர்ந்துதான். ராக்கெட்டு அமெரிக்காக்காரன் குடுத்தது. ஆனா இங்க என்ன இருந்தது தெரியுமா? மகதலேனா மரியாள் கோயிலும் பிஷப் வீடும்தான் ஆபீஸு. ராக்கெட்டோட மூக்குத் துண்டை சைக்கிள் கேரியர்ல வச்சுத் தள்ளிகிட்டுப் போன படத்தை நீயும் பாத்திருப்பே. சைக்கிளு புது மாடலா பழைய மாடலான்னு அப்ப ஒருத்தனும் கேக்கல்ல. நீ என்னடான்னா, "பாட்டா, பழைய போன் வச்சா வேலை ஓடமாட்டேங்கு" அப்படீங்கே. உன் வேலை என்ன? இன்னொருத்தன் எழுதின புரோகிராம்ல உள்ள பிழையைத் திருத்துகது. அதுக்கு மூணு கண்ணு உள்ள போன் எதுக்குலே?

சரி, வரிசைக்கு வருவோம்.

கேரளத்துக்காரனுக்கு வரிசையில நிக்கப் பாடம் எடுக்க உலகத்துல ஆளே கிடையாது. பிவரேஜ் மதுக்கடை வாசலைப் பாத்திருக்கேல்லா? வெயிலானாலும் மழையானாலும் ஒருத்தன் பின்னால ஒருத்தன். தள்ளு கிடையாது, முள்ளு கிடையாது. எம்.எல்.ஏ. வீட்டுக் காரியக்காரனும் கொத்தனாரும் ஒரே வரிசை. தலையில ஒரு துண்டு, கண்ணு கீழே. வாங்கின உடனே மடியில சொருகிகிட்டு மறைஞ்சிருவான். 2020 மே 28-ம் தேதி, கொரோனா அடைப்புக்குப் பெறவு கடை திறந்தப்ப, அந்த வரிசைக்கும் ஒரு ஆப்பு வந்தது. பெவ்க்யூன்னு பேரு. கொச்சியில உள்ள பயக்க எழுதினது. போன்ல டோக்கன் எடுக்கணும், சொன்ன நேரத்துக்குப் போகணும். முதல் நாளே ஓ.டி.பி. வராம ஊரே அல்லாடிச்சு. குடிகாரன் பொறுத்தான். மறுபடியும் அமுக்கினான். 2021 ஜனவரியில சர்க்காரே அந்த ஆப்பை வேண்டாம்னு விட்டுட்டு. குடிகாரன் பழையபடி நேர் வரிசைக்குப் போய் நின்னான். ஒரு முணுமுணுப்பு கிடையாது.

இப்ப உங்க போன் வரிசையைப் பாரு. செப்டம்பர் 19-ம் தேதி காலத்தே மும்பையில பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் கடை வாசல்ல அடிபிடி. படிச்ச பயக்க. ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிக்கான். செக்யூரிட்டிக்காரன் நடுவுல புகுந்து இழுத்து விடுகான். டெல்லி சாகேத்துல ராத்திரியே வந்து படுத்துக் கிடக்கான். இதுல எதுவும் வெக்கம் உண்டா? கிடையாது. டி.வி. கேமரா வந்ததும் பெட்டியைத் தூக்கிக் காட்டி ரெண்டு விரலை விரிச்சுச் சிரிக்கான். அந்தத் துண்டு போட்ட மனுசன் எவ்வளவோ மரியாதைக்காரன்னு எனக்குத் தோணிச்சு. 400 ரூவா சாமானம் வாங்குகதுக்கே அவனுக்குக் கூச்சம் உண்டுல்லா.

இந்தப் போனு எங்கன செய்யுகான்னு யோசிச்சிருக்கியா? அமெரிக்காவுலன்னு நினைச்சுகிட்டு இருக்கே. சென்னைக்குப் பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல பாக்ஸ்கான். ஓசூர் பக்கத்துல டாடா. சென்னைக்குத் தெக்க மகிந்திரா சிட்டி பக்கம் முன்னால பெகட்ரான் நடத்தின ஆலை, 2025-லேர்ந்து அதுலயும் டாடாவுக்குத்தான் பெரிய பங்கு. இந்த 17-ல உள்ள எல்லா மாடலும் முதல் நாள்லேர்ந்தே இந்தியாவுலயும் செய்யுகாங்கன்னு பேப்பர்ல வந்தது. செய்யுகது யாரு? நம்ம தமிழ்நாட்டு கிராமத்துப் பிள்ளைக. பன்னெண்டாங் கிளாஸோ டிப்ளமாவோ படிச்சிட்டு, விடுதியில தங்கி, ஷிப்டு மாறி ஷிப்டு நின்னு திருகாணி முடுக்குக பிள்ளைக. 2021 டிசம்பர்ல பாக்ஸ்கான் விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம அந்தப் பிள்ளைகள்ல 150-க்கு மேல ஆஸ்பத்திரியில கிடந்தது. மத்ததுல நிறையப் பேரு சென்னை–பெங்களூர் ரோட்டுல வந்து உக்காந்தது. ஆலையை மூடினான். 2022 ஜனவரியிலதான் திறந்தான். விடுதியைச் சரி பண்ணுகோம்னு பெரிய இடத்துலேர்ந்து வாக்குக் குடுத்தாங்க. அந்த வாரம் உன் தட்டுக்கடையில இதைப் பத்தி ஒருத்தனாவது பேசினானாலே? போன் வராட்டா பேசுகே. போனைச் செய்யுக பிள்ளைக்குச் சோறு வராட்டா பேசமாட்டே.

நம்ம வீட்டு வாசல்ல செய்யுக சாமானம் நமக்கு ஏன் கிடைக்கல்லன்னு கேளு. அதுவும் ஒரு கதை. 2025 ஆரம்பத்துல ட்ரம்ப் வரி போடப் போறான்னு தெரிஞ்சதும் கம்பெனிக்காரன் என்ன பண்ணினான்? சென்னை விமான நிலையத்துலேர்ந்து சரக்கு விமானத்துல ஐபோனா ஏத்தினான். 600 டன்! கிட்டத்தட்ட 15 லட்சம் போன்னு அப்ப செய்தி வந்தது. சுங்கச் சோதனைக்கு 30 மணிக்கூர் ஆகுகதை 6 மணிக்கூரா ஆக்கித் தரச் சொல்லி, அதையும் வாங்கிட்டான். உன் பாஸ்போர்ட்டுக்கு எவனாவது அப்படிப் பாத்தானா? மே மாசம் அந்தக் கம்பெனித் தலைவர் டிம் குக் எழுந்து நின்னு, அடுத்த மூணு மாசம் அமெரிக்காவுல விக்க ஐபோன்ல முக்கால்வாசி, சரி, பெரும்பான்மைன்னு வச்சுக்கோ, இந்தியாவுல செஞ்சதா இருக்கும்னார். ஆக, ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளை கைபட்ட போனு சிக்காகோவுல ஒருத்தன் காதுல இருக்கு. கழக்கூட்டத்துல நீ "நோட்டிபை மீ"ங்க பொத்தானை அமுக்கிகிட்டு இருக்கே.

பற்றாக்குறைன்னா என்னன்னு உனக்குச் சொல்லுகேன். கேளு. தூங்கிராதே.

1942-ல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். பிடிச்சா நமக்கென்னன்னு கேப்பே. திருவிதாங்கூர் தின்ன அரிசியில ஒரு பெரிய பங்கு பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்தது மக்கா. கப்பலு நின்னது. அடுக்களையில அடுப்பு நின்னது. எங்க அம்மை சொல்லுவா, அப்ப ஊரைக் காப்பாத்தினது மரச்சீனிதான்னு. 1880-கள்ல விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிர் பண்ணச் சொல்லி ஜனங்களை இழுத்துப் பிடிச்சார். அரிசி திங்கவன் அப்ப அதைப் பாத்து மூக்கைச் சுளிச்சான். அறுவது வருசம் கழிச்சு அதே கிழங்கு அவன் பேரன் உயிரைப் பிடிச்சு வச்சது. இப்ப அதே மரச்சீனியும் மீன்கறியும் உங்க ஹோட்டல்ல மெனுவுல விசேஷ ஐட்டம்.

அப்புறம் 1964, 65. அது எனக்கு நல்லா ஓர்மை இருக்கு. கேரளத்துல ரேஷன் கடை வரிசை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோட நெல்லறை, ஆனா 1956-லயே நாங்க மெட்ராஸ் பக்கம் போயாச்சு. களியக்காவிளையில செக்போஸ்ட். அங்கேர்ந்து இங்க அரிசி வரப்பிடாது. ஆனா வயித்துக்கு செக்போஸ்ட் உண்டா? பொம்பிளைக மடியில கட்டி, சேலைக்குள்ள சுத்தி, படி அரிசி, ரெண்டு படி அரிசியா கொண்டு போவாளுக. பஸ்ல ஏறும்போது தடிச்ச உடம்பு. இறங்கி ரெண்டு தெரு போனா மெலிஞ்ச உடம்பு. போலீஸ்காரனுக்கும் தெரியும். அவன் வீட்டுலயும் அடுப்பு உண்டுல்லா. அந்த வரிசையில நின்னவன் முகத்தை நான் பாத்திருக்கேன். அவன் விரல் ரெண்டையும் விரிச்சுக் காட்டல்ல.

போனுக்கும் காத்திருந்தோம். இல்லேங்கல்ல. இந்த வயர் போட்ட கறுப்புப் போனு. பேரைப் பதிஞ்சா வருசக்கணக்கு. கூடுதல் முன்பணம் கட்டினா சீக்கிரம்னு ஒரு திட்டம், அதுக்கும் வரிசை. பாட்டா பதிவாரு, மகன் பேசுவான். பஜாஜ் ஸ்கூட்டருக்கு பத்து வருசம்னு சர்வ சாதாரணமா சொல்லுவான். கல்யாணம் நிச்சயமானதும் மாமனாரு ஸ்கூட்டருக்குப் பதிவாரு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வண்டி வரும். ஆனா கல்ஃப்ல உள்ளவன் டாலரைக் கட்டினா வண்டி முன்னாலயே வந்துரும். நம்ம வரிசையில அப்பவே வி.ஐ.பி. வாசல் உண்டு பாத்துக்கோ. 1983-ல மாருதி 800-க்கு பத்தாயிரம் ரூவா கட்டி லட்சத்துக்கு மேல பேரு பதிஞ்சான். அந்த டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் சாவியைக் குடுத்தாங்க. மிச்ச லட்சம் பேரும் பேப்பர்ல சாவியைப் பாத்தாங்க.

அந்தத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் ஒளிவுமறைவு இல்லாம இருந்தது. இத்தனை வண்டிக்கு மேல செய்யப்பிடாதுன்னு டெல்லியில ஒரு அதிகாரி லைசென்ஸைப் பிடிச்சு வச்சிருந்தான். கம்பெனிக்காரனே, "ஐயா, கூடுதல் செய்ய விடுங்க"ன்னு கெஞ்சினான். இப்ப லைசென்ஸ் யாரு பிடிச்சிருக்கா?

2014-ல ஷியோமின்னு ஒரு சீனாக்காரன் வந்தான். கடையும் இல்ல, வரிசையும் இல்ல. பிளிப்கார்ட்டுல மட்டும், வாரம் ஒரு நாள், மதியம் ரெண்டு மணிக்கு. செப்டம்பர் 2-ம் தேதி ரெட்மி 1எஸ், 5,999 ரூவா, 40,000 போன் வச்சான். 4.2 வினாடியில தீந்து போச்சாம். 4.2! அதுல ஒரு தும்மல் முழுசா வராது. உன் சேட்டன்மார் ஒன்றேமுக்காலுக்கே வேலையை விட்டுட்டு எலியைக் கையில பிடிச்சுகிட்டு உக்காந்திருந்தான். கம்பெனி இண்டர்நெட்டு, கம்பெனி கரண்டு, கம்பெனி சம்பளம். கிடைக்காட்டா அடுத்த வாரமும். நடுவுல உள்ள ஆறு நாளும் என்ன பேச்சு? அதே பேச்சு. அந்தக் கம்பெனி அதுக்கு ஒரு சக்கரம் செலவழிச்சிருக்குமா? கடைக்கு ஒரு மூட்டை சரக்கை மட்டும் முன்னால வச்சு, "தீரப்போகுது, தீரப்போகுது"ன்னு கத்துகது சாலைச் சந்தையில தக்காளி விக்கவனுக்கும் தெரிஞ்ச வித்தைதான். அவன் கத்தினா நீ பேரம் பேசுகே. இவன் கத்தினா கார்டை நீட்டுகே.

அதுக்கு அடுத்தது 2016 பிப்ரவரி. நொய்டாவுல ஒருத்தன் 251 ரூவாய்க்கு ஸ்மார்ட்போன் தாறேன்னான். ஃப்ரீடம் 251. இருந்தா கொஞ்சம் மட்டன் வாங்குக துட்டு. பதிவு திறந்த அன்னைக்கே இணையதளம் படுத்துட்டு. கோடிக்கணக்குல பதிஞ்சாங்கன்னு கம்பெனியே சொல்லிச்சு. போன் எங்க? போன் எங்கேன்னு போலீஸும் கேட்டுச்சு. படிச்ச ஜனம்லே நாம! முழு எழுத்தறிவு வந்த முதல் மாநிலம்லே!

பாட்டா, கம்பெனிக்காரன் வேணும்னே பதுக்குகானான்னு கேப்பே. எல்லாத்துக்கும் நான் சத்தியம் பண்ணமாட்டேன். நிசமான காரணமும் உண்டு. புது மாடல்னா ஆலையில முதல் மாசம் எண்ணம் கம்மியாத்தான் வரும். ஒரு சின்ன உறுப்பு வரல்லேன்னா மொத்தமும் நிக்கும். 2022 அக்டோபர் கடைசியில சீனாவுல செங்சோ ஐபோன் ஆலையில கொரோனா. ஆளுக வேலியைத் தாண்டி, மூட்டையைத் தூக்கிகிட்டு, நெடுஞ்சாலையில நடந்தே ஊருக்குப் போனான். ஐபோன் 14 ப்ரோ உலகம் முழுக்கத் தட்டு. அது பாவம், நிசமான தட்டுப்பாடு. 2025 அக்டோபர் 30-ம் தேதியும் குக் சொன்னார், 17-லயும் பழைய 16-லயும் சில மாடல் கேக்க அளவுக்குக் குடுக்க முடியல்லன்னு. நம்புகேன். ஆனா சொல்லும்போது அவர் கண்ணு கலங்கிச்சா? செப்டம்பரோட முடிஞ்ச மூணு மாசத்துல ஐபோன் மட்டும் வித்தது கிட்டத்தட்ட 4,900 கோடி டாலருக்கு. ரூவா இல்ல மக்கா, டாலர். இப்படி ஒரு தட்டுப்பாடு நம்ம கடையில வராதான்னு தட்டுக்கடைக்காரன் கேக்கான்.

இங்க உள்ள கடையில நடக்குகதையும் சொல்லுகேன். பேரு வேண்டாம். என் பேரன் ஒருத்தன் என்னையும் கூட்டிட்டுப் போய்க் கேட்டான். "ஸ்டாக் இல்ல." சரின்னு திரும்பினான். "ஆனா..." அப்படீன்னான் கடைப்பையன். "கவரு, கண்ணாடி, காதுல மாட்டுகது, ரெண்டு வருச இன்சூரன்ஸ், எல்லாம் சேத்து எடுத்தா ஒண்ணு பாக்கலாம் சேட்டா." பாத்தியா? தனியா கேட்டா இல்ல. கூட்டத்தோட கேட்டா உண்டு. கழக்கூட்டத்துப் பிள்ளைன்னு ஒருத்தர் இருந்தார், எட்டு வீட்டுப் பிள்ளைமார்ல ஒருத்தர். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவையே நேருக்கு நேர் எதிர்த்த கூட்டம். அந்த மண்ணுல நின்னுகிட்டு என் பேரன், "சேட்டா, கொஞ்சம் பாருங்க சேட்டா"ன்னு கண்ணாடி ஒட்டுக பையன்கிட்ட கெஞ்சினான். நான் வெளியே வந்துட்டேன். எனக்கும் ஒரு மானம் இருக்குல்லா.

இவனைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் இருந்தான். 2022 செப்டம்பர்ல நம்ம கேரளத்துப் பையன், ஐபோன் 14 ப்ரோவை இந்தியாவுல எவனும் வாங்குகதுக்கு முன்னால வாங்கணும்னு கொச்சியிலேர்ந்து துபாய்க்கு விமானம் ஏறினான். டிக்கெட்டுக்கும் விசாவுக்குமே 40,000 ரூவா சுமாருக்கு ஆச்சாம். அங்க முதல் ஆளுகள்ல ஒருத்தனா வாங்கிட்டான். அன்னைக்கே இங்கயும் விற்பனை. சில மணிக்கூர் முந்தினதுக்கு 40,000. எங்க காலத்துலயும் துபாய்க்குப் போனவன் உண்டு. லாஞ்சியில, மூச்சு முட்டி, திரும்பி வருவோமான்னு தெரியாம. அவன் டேப்ரிக்கார்டர் கொண்டு வந்தான், தங்கச்சி கல்யாணத்தை நடத்தினான், ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்கினான். இவன் போட்டோ போட்டான்.

இப்ப உன் கணக்குக்கு வா. ஒண்ணரை லட்சம் கையில இருக்கா? இல்ல. தவணை. 24 மாசம்னா மாசம் 6,000-த்துக்கு மேல. அந்த 24 மாசம் முடியுகதுக்குள்ள அவன் இன்னும் ரெண்டு புது மாடல் விட்டிருப்பான். நீ பழைய போனுக்குத் தவணை கட்டிகிட்டே புதுசுக்கு ஏங்கணும். இன்னொண்ணு தெரியுமா? 17-ஐக் காட்டின அன்னைக்கே 16-க்கு 10,000 ரூவா குறைச்சான். 79,900 இருந்தது 69,900. முந்தின வருசம் இதே நேரம் அந்தப் 16-க்குத்தான் நீ இப்படி மோறையைத் தொங்கப் போட்டு நின்னே. அதை இன்னைக்கு உன் கையில தந்தா "பழசு பாட்டா"ங்கே. ஒரு வருசத்துல அதுக்கு என்ன கெட்டுப் போச்சு? மீனா அது?

அதே 2025 ஓணத்துக்கு நிசமாவே ஒரு சாமானம் தட்டுப்பாடாச்சு. தேங்காயெண்ணெய். கேரளத்துல! தென்னை மரத்தைப் பேருல வச்சிருக்கதாச் சொல்லுக நாட்டுல லிட்டர் 500 ரூவாயைத் தாண்டிச்சு. காய்ப்பு கம்மி, பறிக்க ஆளு இல்ல, இளநீயாவே பாதி போகுது, ஆயிரம் காரணம். சர்க்கார் குறைஞ்ச விலைக்குக் குடுக்குகான்னு சப்ளைகோ கடை வாசல்ல வரிசை. அதுல உன் அம்மை நின்னா. முட்டு வலிக்குன்னு படியில உக்காந்து எழுந்து நின்னா. நீ எங்கன நின்னே? மால்ல நின்னே. அவ வரிசையைப் படம் பிடிக்க எந்த டி.வி.க்காரனும் வரல்ல. உன் ப்ரோ மேக்ஸ் விலைக்குக் கிட்டத்தட்ட 300 லிட்டர் எண்ணெய் வரும். பப்படம் பொரிச்சாலும், உன் மண்டையில தேச்சாலும் உன் ஆயுசுக்கும் தீராது. தேச்சா கொஞ்சம் குளிர்ச்சியாவது உண்டு.

நான் சொல்லுகதைக் கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். கேட்டிருந்தா நீ ஏன் இந்த ஊர்ல ஒத்தை அறைக்கு அத்தனை வாடகை குடுத்துகிட்டு இருக்கப் போறே? ஆனாலும் சொல்லுகேன். ரெண்டு மூணு மாசம் பொறு. ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளைக ராவும் பகலும் செஞ்சுகிட்டுத்தான் இருக்கு. இப்ப "இல்ல"ங்க அதே கடைப்பையன் உன் நம்பருக்குக் கூப்பிடுவான். "சேட்டா, கேஷ்பேக் இருக்கு சேட்டா, பழைய போனுக்கு நல்ல விலை தாறேன் சேட்டா"ம்பான். ஏ.சி.யில உக்கார வச்சு சாயா வாங்கித் தருவான். அப்ப நீ கேளு, "இருபது ரூவாய்க்குக் கண்ணாடி ஒட்டித் தருவியா?"ன்னு. பேரம் பேசுகதுக்கு அப்பத்தான் உனக்கு வாய் வரும். அதுவரை அந்தப் பழைய போனுக்கு ஒரு பேட்டரி மாத்து. அம்மை கூப்பிட்டா எடு.

இல்ல பாட்டா, இப்பவே வேணும், காவிதான் வேணும்னு சொல்லுகியா? சரி, போ. உன் துட்டு, உன் தவணை. ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டிக்குள்ள சார்ஜர் இருக்காது கேட்டியா. 2020-லேர்ந்தே அவன் வைக்கல்ல. பூமியைக் காப்பாத்துகானாம். அதுக்குத் தனியா துட்டு எடுத்துகிட்டுப் போ. இல்லேன்னா ஒண்ணரை லட்சம் குடுத்துட்டு, ராத்திரி பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி, "சார்ஜர் உண்டோ சேட்டா?"ன்னு கேக்கணும்.